அழுங்கும் நம் துறைமுகமும்

2020 மார்ச் 31ஆம் நாள் போர்ட் கிள்ளானில் முந்திரிக் கொட்டைச் சரக்குக்குப் பின்னால் மறைக்கப்பட்டிருந்த ஆறு டன்னுக்கும் மேற்பட்ட அழுங்குச் செதில்களைச் சுங்கத்துறை கைப்பற்றியது. ஆப்பிரிக்காவில் ஆயிரக்கணக்கான விலங்குகளைக் கொன்று சேர்த்த செதில்கள் அவை. 2022 ஜூலையிலும் இதே துறைமுகத்தில் ஆறு டன் யானைத் தந்தங்களோடு 100 கிலோ செதில்கள் பிடிபட்டன.

அழுங்கை நாம் எறும்புத்தின்னி என்போம், மலாயில் தெங்கிலிங். பால்மரம் சீவப் போன தாத்தா, விடியலில் இதைக் கண்டதாகச் சொல்வார். நான் கண்டதோ செய்திப் படத்தில் செதில் மூட்டைகளை மட்டுமே.

உலகில் எட்டு வகை அழுங்குகள் உள்ளன. ஆசியாவில் நான்கு, ஆப்பிரிக்காவில் நான்கு. நம் நாட்டில் வாழ்வது சுந்தா அழுங்கு. இதற்குப் பற்கள் இல்லை. ஒட்டும் தன்மையுள்ள நீண்ட நாக்கால் எறும்பையும் கரையானையும் பிடித்து உண்ணும். ஆபத்து வந்தால் பந்துபோல் சுருண்டுகொள்ளும். புலியின் பல்லுக்கும் எளிதில் மசியாத இந்தத் தற்காப்பே மனிதனிடம் இதற்கு வினையாகிறது. சுருண்டு கிடப்பதைக் கையால் தூக்கிச் சாக்கில் போட்டுக்கொள்ளலாம்.

"கோழியைப் போல் பண்ணையில் வளர்த்தால் என்ன?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். அது எளிதன்று. கூண்டில் அடைபட்ட அழுங்கு மன அழுத்தத்தால் உண்ண மறுக்கும். வயிற்றுப் புண்ணும் நிமோனியாவும் வந்து மடியும். ஒரு பேற்றுக்குப் பெரும்பாலும் ஒரே குட்டிதான். தைப்பே விலங்குத் தோட்டம் நெடுங்காலம் முயன்றே ஏற்ற உணவுக் கலவையைக் கண்டது. அங்கிருந்து சென்ற இணைக்கு 2023 பிப்ரவரியில் பிராக் நகரில் பிறந்த குட்டிதான் ஐரோப்பிய விலங்குத் தோட்டங்களில் பிறந்த முதல் அழுங்கு. இத்தனை பாடுபட்டுப் பெறும் ஒரு குட்டி, ஆறு டன் செதிலுக்கு ஈடாகுமா? காட்டில் காப்பதே வழி.

செதிலில் இருப்பது நம் நகத்தில் உள்ள கெரட்டின்தான். நகத்தைத் தின்று நோய் தீர்ந்தவர் உண்டா? அனைத்துலக வாணிபத் தடை 2017இல் நடப்புக்கு வந்தது. நம் நாட்டின் 2010ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டமும் அழுங்குக்கு முழுப் பாதுகாப்பு அளிக்கிறது. ஆயினும் வாங்குவோர் இருக்கும்வரை கொள்கலன்கள் வந்துகொண்டே இருக்கும்.

நண்பர்களே, மருந்தென்றோ விருந்தென்றோ யார் நீட்டினாலும் மறுப்போம். விற்பனையைக் கண்டால் பெர்ஹிலித்தானிடம் தெரிவிப்போம். நம் பேரப்பிள்ளைகளாவது தாத்தா கண்டதைக் காணட்டும்.