விளிம்பைப் படியுங்கள்: மலையகத்தில் பழைய போர்ப் பதக்கங்கள்

பழைய பிரிட்டிஷ் போர்ப் பதக்கம் ஒன்று கைக்கு வந்தால் எல்லோரும் முதலில் ராஜா தலையைப் பார்க்கிறார்கள். பிறகு, வெள்ளியா என்று கேட்கிறார்கள். ஹட்டன், டிக்கோயா, நோர்வூட் பக்கம் இந்தப் பதக்கங்களைத் தேடித் திரிந்த அனுபவத்தில் நான் சொல்வது ஒன்றுதான்: முதலில் விளிம்பைப் பாருங்கள். அங்கேதான் ஓர் ஆளின் இலக்கம், பதவி, பெயர், படைப்பிரிவு எல்லாம் பொறித்திருக்கும்.

தேயிலை மலைக்கும் போர்ப் பதக்கத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்கள் உண்டு. 1900இல் ஐரோப்பியத் தோட்டத் துரைமாரைக் கொண்டு சிலோன் பிளான்டர்ஸ் ரைஃபிள் கோர் என்ற தொண்டர் படை அமைந்தது. தலைமையகம் கண்டி. தென்னாபிரிக்காவில் நடந்த போயர் போருக்கு இங்கிருந்து துரைமார் போனார்கள். அதே போரில் பிடிபட்ட போயர் கைதிகள் ஆயிரக்கணக்கில் தியத்தலாவை முகாமுக்குக் கொண்டுவரப்பட்டார்கள். 1914 ஒக்டோபரில் இருநூற்றுக்கு மேற்பட்ட துரைமார் கொழும்பில் கப்பலேறி எகிப்துக்குப் போனார்கள். 1915இல் கலிப்போலியில் ஆஸ்திரேலிய, நியூசிலாந்துப் படைத் தளபதி ஜெனரல் பேர்ட்வுட்டுக்குக் காவலாக நின்றவர்களும் அவர்களில் உண்டு. பலர் பின்னர் பிரிட்டிஷ் ரெஜிமென்டுகளில் அதிகாரிகளானார்கள். 1949இல் அந்தப் படை கலைக்கப்பட்டது.

1972, 1975 காணிச் சீர்திருத்தங்களோடு தோட்டங்கள் அரசின் கைக்கு மாறின. மிச்சமிருந்த துரைமாரும் ஊர் திரும்பினார்கள். பங்களா அலுமாரிகளில் கிடந்தவை ஏலத்துக்கும் பழைய சாமான் கடைக்கும், பங்களாவில் வேலை செய்த குடும்பங்களின் டிரங்குப் பெட்டிக்கும் போயின. மலையகத்தில் பதக்கம் தேடுபவர் போக வேண்டிய இடங்களும் இவைதான்.

செட்டைப் பிரிக்காதீர்கள்

முதல் உலகப் போரில் 1915 முடிவதற்குள் களத்துக்குப் போனவருக்குப் பெரும்பாலும் மூன்று பதக்கங்கள் கிடைத்தன: வெண்கலத்தாலான 1914–15 ஸ்டார், வெள்ளியாலான பிரிட்டிஷ் வார் மெடல், பொன்னிற மெருகுள்ள விக்டரி மெடல். ஸ்டாரில் பெயர் பின்பக்கம் இருக்கும். மற்ற இரண்டிலும் விளிம்பில் இருக்கும்.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. ஒருவர் முதலில் எந்தப் படையோடு களத்துக்குப் போனாரோ அந்தப் படையின் பெயர்தான் ஸ்டாரில் வரும். அவர் பிறகு அதிகாரியாகியிருந்தால் மற்ற இரண்டிலும் பதவியும் பெயரும் மட்டுமே இருக்கும். ரெஜிமென்ட் பெயர் இருக்காது. ஆகவே, இங்கிருந்து போன துரை ஒருவரின் ஸ்டாரைத் தனியாக விற்றுவிட்டால், மிச்சமிருக்கும் இரண்டையும் வைத்து அவருக்கும் இலங்கைக்கும் உள்ள தொடர்பைச் சொல்லவே முடியாது. மூன்றும் ஒன்றாகக் கிடைத்தால் ஒன்றாகவே வையுங்கள்.

போலியை இனங்காண

பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸும் ஒரு வேர்னியரும் போதும். வார் மெடலின் விட்டம் 36 மில்லிமீற்றர். ரிப்பன் கோர்க்கும் மேற்கம்பி அசையாது, சுழன்றால் சந்தேகப்படுங்கள். அச்சில் அடித்த எழுத்தின் ஓரம் கூர்மையாக இருக்கும். வார்த்தெடுத்த போலியில் அது கரைந்த சவர்க்காரம் மாதிரி மழுங்கியிருக்கும். பழைய பெயரை அராவிவிட்டுப் புதுப்பெயர் பொறிப்பவர்களும் உண்டு. அப்படிச் செய்தால் விட்டம் குறைந்துவிடும், வேர்னியர் காட்டிக்கொடுக்கும்.

வெள்ளி வார் மெடல் சுமார் 65 லட்சம் வழங்கப்பட்டது. வெண்கலத்தில் ஒரு லட்சத்துச் சொச்சம்தான். அந்த வெண்கலம் இந்தியா, சீனா, மால்ட்டா முதலிய நாடுகளின் தொழிற்படையினருக்குக் கொடுத்தது. துப்பாக்கி தூக்கியவனுக்கு வெள்ளி, மூட்டை தூக்கியவனுக்கு வெண்கலம் என்பதே அன்றைய கணக்கு. வெண்கலம்தானே என்று யாராவது ஒதுக்கி வைத்தால் உடனே விளிம்பைப் பாருங்கள். நம் ஆட்களின் பெயர் வரக்கூடிய இடம் அது.

எங்கே தேடுவது

பெயர் தெரிந்ததும் மூன்று வழிகள் உள்ளன. இறந்தவரானால் பொதுநலவாயப் போர்க் கல்லறை ஆணையத்தின் பட்டியலில் காசில்லாமல் தேடலாம். உயிரோடு திரும்பியவரானால் இலண்டன் கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் பதக்கச் சுட்டி அட்டைகள் இருக்கின்றன. முதல் உலகப் போரின் பிரிட்டிஷ் படை வீரர்களின் சேவைக் கோப்புகளில் பெரும்பகுதி 1940இல் குண்டுவீச்சில் எரிந்துபோனதால், பலருக்கு இந்த அட்டைதான் எஞ்சிய சாட்சி. அதிகாரிகளின் நியமனங்களும் விருதுகளும் பிரிட்டிஷ் அரச வர்த்தமானியான இலண்டன் கசெட்டில் வந்திருக்கும்.

நான்காவது வழி நம்முடையது. பெர்குசன்ஸ் சிலோன் டிரெக்டரியில் எந்த ஆண்டில் எந்தத் தோட்டத்தில் யார் துரை என்பது இருக்கும். கொழும்பிலுள்ள தேசிய சுவடிகள் கூடத்தில் பழைய தொகுதிகளைக் கேட்டுப் பாருங்கள். டிக்கோயா வோர்லி தேவாலயம், நுவரெலியா ஹோலி டிரினிட்டி தேவாலயம் ஆகியவற்றின் கல்லறைகளையும் ஒருமுறை நடந்து பாருங்கள். பிறகு தோட்டத்துப் பெரியவர்களிடம் போங்கள். பல தோட்டங்களுக்கு நம் சனம் வைத்த பெயர் வேறு. டிரெக்டரியிலுள்ள ஆங்கிலப் பெயரை அவர்களால்தான் இடத்தோடு பொருத்திக் காட்ட முடியும்.

பெயரில்லாத பதக்கங்கள்

இரண்டாம் உலகப் போரின் ஸ்டார்களையும் வார் மெடலையும் பிரிட்டிஷ் அரசு பெயர் பொறிக்காமலே கொடுத்தது. இந்திய இராணுவத்தினருக்கு வழங்கியவற்றில் பெயர் உண்டு. பெயரில்லாத பதக்கத்துக்குக் காகிதம்தான் உயிர்.

நோர்வூட் பக்கம் ஒரு லயத்தில் பாட்டி ஒருவர் சேலைத் துணி முடிச்சை அவிழ்த்து ஒரு ஸ்டாரைக் காட்டினார். ரிப்பன் மணல் நிறம். நடுவில் சிவப்புப் பட்டை, ஒரு பக்கம் கருநீலம், மறுபக்கம் வெளிர்நீலம். அது ஆபிரிக்கா ஸ்டார், வட ஆபிரிக்கப் போருக்கானது.

"தாத்தா எந்தப் பட்டாளம், பாட்டி?"

"அதெல்லாம் தெரியாது மாஸ்டர். கப்பல்ல போனாரு. திரும்பி வந்து மறுபடியும் கவ்வாத்துக்குத்தான் போனாரு."

"கடதாசி ஏதும் இருக்கா?"

பிஸ்கட் டின்னில் பிரஜாவுரிமை விண்ணப்பங்களோடு படைத்துறைக் கடதாசி ஒன்றும் மடித்துக் கிடந்தது. இலக்கமும் பிரிவும் அதில் இருந்தன. பதக்கத்தையும் கடதாசியையும் சேர்த்துப் படமெடுத்து, பாட்டி சொன்னதை அவர் சொன்ன மாதிரியே எழுதி, ஒரு பிரதியை அந்த வீட்டிலேயே கொடுத்தேன். பதக்கத்தை வாங்கவில்லை. அது இருக்க வேண்டிய இடம் அந்த வீடு. 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் நம் சனத்தை நாடற்றவர்களாக்கியது. இந்த நாட்டிலிருந்து போருக்குப் போய் வந்தவரின் வீட்டிலும் அந்த விண்ணப்பம் கிடக்கிறது என்பதை எழுதி வைக்காமல் விடக்கூடாது.

பராமரிப்பு

நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரம். மூடுபனியும் மழையும் விடாத இந்த ஊர்களில் ஈரம்தான் முதல் எதிரி.

பிராசோ போடவே கூடாது. வெள்ளியின் கருமை இயல்பானது. தேய்க்கத் தேய்க்கப் பெயரும் சேர்ந்து தேயும். விக்டரி மெடலின் பொன் மெருகு ஒருமுறை போனால் திரும்பாது. புளி, எலுமிச்சை, விபூதி எல்லாம் குத்துவிளக்கோடு நிற்கட்டும். தூசியை மென்மையான தூரிகையால் தட்டினால் போதும்.

வெறும் விரலால் முகப்பைத் தொடாதீர்கள்; வியர்வை உப்பு உலோகத்தை அரிக்கும். பருத்திக் கையுறை நல்லது, இல்லாவிட்டால் விளிம்பைப் பிடித்துத் தூக்குங்கள்.

பிவிசி உறை நாளடைவில் பச்சைப் பிசுக்கை உண்டாக்கும். ரப்பர் வளையத்திலும் கம்பளித் துணியிலும் உள்ள கந்தகம் வெள்ளியைக் கறுக்க வைக்கும். அமிலமற்ற காகிதத்தில் சுற்றி, மூடி இறுக்கமான பெட்டியில் சிலிக்கா ஜெல்லுடன் வையுங்கள். மழைக்காலத்தில் ஜெல்லை அடிக்கடி காயவைத்து மாற்றுங்கள்.

பழைய ரிப்பன் நைந்திருந்தாலும் எறியாதீர்கள். வெயில் படாமல் தனியாக வையுங்கள். அதன் நிறமும் ஒரு சான்று.

1979–80இல் வெள்ளி விலை ஏறியபோது எத்தனையோ வார் மெடல்கள் உருக்கப்பட்டன. நம் நகைக்கடைகளிலும் தராசு பெயரைப் பார்ப்பதில்லை. உங்கள் வீட்டுப் பெட்டியில் ஒரு பதக்கம் இருந்தால், பத்தரிடம் கொண்டுபோகும் முன் இருபுறமும் விளிம்பும் தெரியப் படமெடுங்கள். வீட்டுப் பெரியவரிடம் கேட்டு, பெயர், தோட்டம், போன ஊர் மூன்றையும் தமிழில் எழுதி அதோடு வையுங்கள். சொல்லத் தெரிந்தவர்கள் இன்னும் சிலர்தான் இருக்கிறார்கள். இந்த வாரமே கேளுங்கள்.