சர்க்கார் ஆவணங்கள்: வைப்பதும் தருவதும்

சங்க அங்கத்தினர் ஒருவருக்குச் சர்க்கார் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தால், கேட்டது கிடைத்ததா இல்லையா என்பதையே அவர் முதலில் பார்க்கிறார். கடிதத்தின் தலைப்பில் எண்ணுக்கு முன்னால் 'மூ.மு.' என்றோ 'ப.மு.' என்றோ நிற்கும் எழுத்துக்களை எவரும் கவனிப்பதில்லை. அந்தக் கோப்பின் ஆயுளைக் குறிப்பவை அவ்வெழுத்துக்களே. இம்மாதப் பாடத்தில் அவற்றைப் பற்றியும், ஆவணங்களை வைப்பது, அழிப்பது, தருவது ஆகியவற்றை மேற்பார்க்கும் முறையைப் பற்றியும் கூற விரும்புகிறோம்.

மாவட்ட அலுவலகங்களில் ஒரு கோப்பின் மீது இறுதி உத்தரவு பிறந்ததும் அதற்கு ஒரு முடிவு வகை குறிக்கப்படுகிறது. ஓ.மு. என்றால் ஓராண்டு, மூ.மு. என்றால் மூன்றாண்டு, ப.மு. என்றால் பத்தாண்டு; நி.மு. என்றால் நிரந்தரம். பழைய கடிதங்களில் இவையே எல்.டிஸ்., கே.டிஸ்., டி.டிஸ்., ஆர்.டிஸ். என்று காணப்படும். உரிய காலம் கழிந்ததும் நிரந்தரம் அல்லாத கோப்புகள் அழிவுக்குரியவை ஆகின்றன.

அழிப்பதே தவறு என்று நாம் கூறவில்லை. வந்த காகிதத்தையெல்லாம் வைத்துக் கொள்ள எந்த அலுவலகத்திலும் இடமில்லை. பயனற்ற ஆவணங்களை முறைப்படி அழிக்க 1917-ஆம் ஆண்டிலேயே ஒரு சட்டம் இயற்றப்பட்டது. ஆனால் பயனற்றது எது என்பதை யார் சொல்வது? கோப்பை முடிக்கும் எழுத்தர் எழுதி வைக்க, அதிகாரி கையொப்பம் இடுகிறார். வேலைச் சுமையில் இந்த ஒரு வரி பெரும்பாலும் பழக்கத்தினால் எழுதப்படுகிறது. இங்கிலாந்தில் நடந்ததை நினைவு கூரலாம். மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து பல்லாண்டுகளுக்கு முன் குடியேறியவர்கள் கப்பலிலிருந்து இறங்கிய நாளைக் காட்டும் சீட்டுகளை, அந்நாட்டு உள்துறை 2010-இல் அழித்து விட்டது. பின்னர் அம்மக்களிடம், 'நீங்கள் இங்கு வந்த காலத்தை நிரூபியுங்கள்' என்று கேட்கப்பட்டது. 2018-இல் இது வெளிப்பட்டுப் பெரும் கண்டனத்துக்குள்ளாயிற்று. அற்பமான இறங்கு சீட்டு என்று ஒருவர் கருதியது, மற்றொருவருக்கு நாட்டில் வாழும் உரிமையாக இருந்தது.

நம் பக்கத்துக் கதையிலும் இதற்குப் பாடம் உண்டு. சேக்கிழார் பெரியபுராணத்தைச் சிதம்பரம் ஆயிரங்கால் மண்டபத்தில் அரங்கேற்றினார் என்பது மரபு. அதில் திருவெண்ணெய்நல்லூர் வழக்கை யாவரும் அறிவர். சுந்தரர் ஓலையைக் கிழித்து விட்டார்; முதியவர் கலங்கவில்லை, மூல ஓலை தம்மிடம் இருக்கிறது என்றார். பக்தர்கள் இதை வேறு கண்ணால் பார்ப்பார்கள். தணிக்கை செய்யும் நம் கண்ணுக்குப் படுவது, சபையார் அதன் பின் செய்த காரியம். பாட்டனார் எழுத்துத்தானா என்று அறிய, காப்பில் இருந்த அவருடைய வேறொரு கைச்சாத்தை வரவழைத்து ஒப்பு நோக்கினார்கள். அந்த இரண்டாவது ஓலை காப்பில் இல்லாதிருந்தால் சபை எதைக் கொண்டு தீர்ப்பளித்திருக்கும்?

பயிர் செய்யும் அங்கத்தினர்களுக்கு இது கதையன்று. 1979 முதல் 1987 வரை நம் மாநிலத்தில் நடைபெற்ற நிலவுடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தை, கிராமத்தார் 'யு.டி.ஆர்.' என்பார்கள். அப்போது பெயரிலோ, பரப்பிலோ, உட்பிரிவிலோ நேர்ந்த பிழைகளுக்குத் திருத்தம் கோரி இன்றும் மனுக்கள் வருகின்றன. மனுதாரர் காட்ட வேண்டியது அதற்கு முந்தைய 'அ' பதிவேட்டையும் பழைய நிலவரித் திட்டப் பதிவேட்டையும். அவை இருந்தால் ஒரு மணி நேரத்தில் விளங்கி விடும் செய்தி, இல்லாவிட்டால் உரிமையியல் நீதிமன்றத்தில் ஆண்டுக்கணக்கில் இழுக்கிறது. தென்னார்க்காடு மாவட்டம் 1993-இல் இரண்டாகப் பிரிக்கப்பட்டது. ஆகையால் பழைய கட்டுகளைத் தேடுவோர் கடலூரில் விசாரிப்பதா, விழுப்புரத்தில் விசாரிப்பதா என்பதையும் முன்னதாகத் தெளிந்து கொள்வது நலம்.

இனித் தருவதைப் பற்றி. கடலூர்த் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை ஆங்கிலக் கம்பெனியார் 1690-இல் விலைக்கு வாங்கினர். 1746-இல் சென்னை பிரெஞ்சுக்காரர் வசமான பின்பு, 1752 வரை கம்பெனியின் தலைமை இடமே அதுவாக இருந்தது. நம் நெசவாளரின் துணியை வாங்கிக் கப்பலேற்றிய அவர்களுடைய ஆலோசனைக் குறிப்புகள், அக்காலத்தில் ஊரார் எவரும் காண முடியாதவை. கோட்டையை 1758-இல் பிரெஞ்சுத் தளபதி லாலி இடித்தான். கல் போயிற்று, அக்குறிப்புகளில் எஞ்சியவற்றைச் சென்னை ஆவணக் காப்பகம் பிற்காலத்தில் அச்சிட்டே வெளியிட்டது. எழும்பூரில் 1909-இல் அமைந்த அந்த நிலையமே இன்றைய தமிழ்நாடு ஆவணக் காப்பகம்.

ஆனால் நமது அங்கத்தினர் இருநூறு ஆண்டு காத்திருக்க இயலாது. தமிழ்நாடு 1997-லேயே தகவல் உரிமைக்கென ஒரு சட்டம் செய்தது. நாடு முழுவதற்குமான சட்டம் 2005 அக்டோபர் 12 முதல் முழு அளவில் நடைமுறையில் உள்ளது. பத்து ரூபாய்க் கட்டணத்துடன் மனுச் செய்தால் 30 நாட்களுக்குள் விடை தர வேண்டும். சில வகைத் தகவல்களை மறுக்க 8-ஆம் பிரிவு இடமளிக்கிறது. எனினும் 20 ஆண்டு கடந்த நிகழ்ச்சிகளுக்கு அம்மறுப்புகளிற் பெரும்பாலானவை செல்லா.

இவ்விடத்தில் படிப்போர் சற்று நின்று கணக்குப் பார்க்க வேண்டும். இன்று மறுக்கப்படும் ஒரு கோப்பு 20 ஆண்டில் திறக்கலாம். அதன் தலையில் ப.மு. என்று எழுதியிருந்தால் பத்தாம் ஆண்டிலேயே அது இல்லாமற் போகலாம். தரும் சட்டம் ஒன்று, வைக்கும் விதி மற்றொன்று. இரண்டும் ஒன்றையொன்று கேட்டுக் கொண்டு எழுதப்பட்டவை அல்ல. எனவே ஆவணம் தருவதை மட்டும் கண்காணித்துப் பயனில்லை. வைப்பதையும் கண்காணிக்க வேண்டும் என்பதே நமது கருத்து.

அக்கண்காணிப்புக்குச் சட்டத்தில் வழி இல்லாமல் இல்லை. ஆவணங்களை அட்டவணைப்படுத்தி வைப்பது 4-ஆம் பிரிவின்படி அலுவலகத்தின் கடமை. 19-ஆம் பிரிவின்படி, ஆவணங்களைப் பராமரிக்கும் முறையையும் அழிக்கும் முறையையும் மாற்றும்படி தகவல் ஆணையம் அலுவலகத்துக்கு உத்தரவிடலாம். மேல்முறையீடு செய்வோர் தகவலை மட்டும் கேட்டு, இந்த உத்தரவைக் கேட்பதே இல்லை. மனு நிலுவையில் இருக்கையில் அத்தகவலை அழித்தாலோ, 20-ஆம் பிரிவின்படி தண்டத்துக்கு இடமுண்டு. தாமதத்துக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய், மொத்தத்தில் 25,000 ரூபாய்க்கு மேற்படாமல் தண்டம் என்பதும் அதே பிரிவே. ஆகவே பத்து ரூபாய் மனு ஒரு கோப்பைத் திறக்காவிட்டாலும், அழியாமல் நிறுத்தி வைக்கும்.

மத்திய சர்க்காரின் பொது ஆவணங்கள் சட்டம், 1993, இன்னும் கடுமையானது. 1892-க்கு முற்பட்ட எந்த ஆவணத்தையும், எதற்கும் உதவாத அளவுக்குச் சிதைந்திருந்தாலன்றி அழிக்கலாகாது. விதி மீறி அழித்தால் ஐந்தாண்டு வரை சிறை. ஆனால் அது மத்திய அலுவலகங்களுக்கும் யூனியன் பிரதேசங்களுக்குமே உரியது. ஆற்றுக்கு அப்பால் புதுச்சேரிப் பகுதிக் கச்சேரிக் காகிதத்துக்கு உள்ள அந்தப் பாதுகாப்பு, இக்கரையில் கடலூர்க் கச்சேரிக் காகிதத்துக்கு அச்சட்டத்தால் கிடைப்பதில்லை.

நம் சங்கங்களுக்கு வருவோம். கூட்டுறவுச் சங்கம் தானாகவே தகவல் சட்டத்துக்குட்பட்ட அலுவலகம் ஆகிவிடாது என்று உச்ச நீதிமன்றம் 2013 அக்டோபரில் கேரள வழக்கொன்றில் தீர்ப்பளித்தது. சில நிர்வாகஸ்தர்கள் இதை மட்டும் மனப்பாடம் செய்து வைத்திருக்கிறார்கள். அதே தீர்ப்பின் மறு பாதி, பதிவாளர் அச்சட்டத்துக்கு உட்பட்டவர் என்றும், கூட்டுறவுச் சட்டப்படி அவர் சங்கத்திலிருந்து பெறக்கூடிய தகவலை அவர் மூலம் கேட்கலாம் என்றும் கூறுகிறது. 1983-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்தின் 81-ஆம் பிரிவு விசாரணை அறிக்கையும், 82-ஆம் பிரிவு ஆய்வு அறிக்கையும் பதிவாளர் அலுவலகத்தில் சேருபவை, அங்கே கேட்கலாம்.

ஆனால் பதிவாளர் பெற்றுத் தருவதற்குச் சங்கத்தில் ஏடு இருக்க வேண்டும். நாம் ஆய்வு செய்த ஒரு நெசவாளர் சங்கத்தில், இடம் அடைக்கிறது என்று பழைய கூலிப் பதிவேடுகளை எடைக்குப் போட்டிருந்தார்கள். தறியில் கண் மங்கிய முதிய அங்கத்தினர் ஒருவர், தாம் எத்தனை ஆண்டு அச்சங்கத்துக்கு நெய்தார் என்பதைக் காட்ட அதைத் தவிர வேறு சாட்சி இல்லை. அவர் கையிலிருந்த பாஸ் புத்தகம் பாதி கரையான் தின்றது. எடைக்குக் கிடைத்த தொகை மட்டும் ரொக்கப் புத்தகத்தில் ஒழுங்காக வரவு வைக்கப்பட்டிருந்தது.

'கோப்பு கிடைக்கவில்லை' என்ற ஒரு வரிப் பதிலை ஏற்று மனுதாரர் திரும்பி விட வேண்டியதில்லை. காணவில்லை என்று சொல்வது மறுப்பதற்குரிய காரணம் ஆகாது. முறையாகத் தேட வேண்டும், தேவையானால் விசாரணை நடத்திப் பொறுப்பாளியைக் காண வேண்டும் என்று டில்லி உயர்நீதிமன்றம் 2013-இல் கூறியுள்ளது. ஆகவே மனு எழுதும்போது கோப்பின் நகலோடு மூன்று செய்திகளைச் சேர்த்துக் கேளுங்கள்: அதன் எண், அதற்கு இடப்பட்ட முடிவு வகை, அழித்திருந்தால் எந்த நாளில் எவருடைய உத்தரவின் பேரில் அழிக்கப்பட்டது என்பதற்குரிய பதிவின் நகல். விடை திருப்தியில்லையெனில் 30 நாட்களுக்குள் அதே துறை மேலதிகாரியிடம் முதல் மேல்முறையீடு. அதன் பின் 90 நாட்களுக்குள் ஆணையத்திடம் இரண்டாவது. மனுவின் நகலையும் தபால் ஒப்புகைச் சீட்டையும் சங்க அலுவலகத்தில் விட்டு வைக்காமல் வீட்டில் வைத்துக் கொள்ளவும்.