நாயகனும் வரதராஜனும்

சென்ற விடுமுறையில் ஓரிரவு, திருக்கோகர்ணத்தில் நண்பரொருவர் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து "நாயகன்" என்னும் படத்தைக் குறித்து வாதாடிக்கொண்டிருந்தோம். வாலிபர் அனைவரும் வேலு நாயக்கரின் கட்சி. பாதிப் படம் பார்த்துவிட்டு உறங்கச் சென்ற பாட்டியார் மட்டும் உள்ளேயிருந்து, "அந்தப் போலீஸ்காரன் பெண்சாதி என்ன பாவம் செய்தாள்?" என்றார். வாதம் நின்றுவிட்டது. அக்கேள்வியே இவ்வியாசத்திற்குக் காரணம்.

மணிரத்னம் இயக்கிய இப்படம் 1987ஆம் ஆண்டுத் தீபாவளிக்கு வெளிவந்தது. வேலு நாயக்கருக்கு மூலமாயிருந்தவர், இன்று மும்பை எனப்படும் பம்பாயில் வாழ்ந்த வரதராஜ முதலியார். அவர் பிழைப்புத் தேடிச் சென்று, விக்டோரியா டெர்மினஸ் ரயில் நிலையத்தில் மூட்டை சுமந்தவர். பின்னர்க் கள்ளச் சாராயத்தால் பெரும்பொருள் ஈட்டினார். 1949ஆம் ஆண்டின் பம்பாய் மதுவிலக்குச் சட்டம் குடியை ஒழிக்கவில்லை. ஒளித்து விற்போனுக்கு வாழ்வளித்தது. தாராவி, மாதுங்காப் பகுதிகளின் ஏழைத் தமிழர் தம் வழக்குகளை அவரிடமே கொண்டுசென்றனர். மாதுங்காவில் அவர் நடத்திய விநாயகர் விழா மிகப் பிரசித்தம். மொழி தெரியாத ஊரில், குடிசைவாசிக்குக் கச்சேரி வாசலினும் அவர் வாசல் அண்மையிலிருந்தது. அவர் செய்த உதவி பொய்யன்று. அவ்வுதவிக்குப் பணம் வந்த வழியும் பொய்யன்று.

சென்னை வீனஸ் ஸ்டூடியோவிலே தாராவியை எழுப்பிய தோட்டா தரணி, ஒளிப்பதிவு செய்த ஸ்ரீராம், இளமை முதல் முதுமை வரை வேலுவாகவே வாழ்ந்த கமலஹாசன் ஆகிய மூவரும் தேசிய விருது பெற்றனர். திறமையைப் பற்றி ஐயமில்லை. ஆனால் அத்திறமையே நம்மை மயக்குகிறது. தொடக்கத்திலேயே சிறுவன் வேலுவின் தந்தையைப் போலீசார் சுட்டு வீழ்த்துகின்றனர். பிறகு வளர்ப்புத் தந்தையும் அவர்களால் மடிகிறார். இவ்விரு மரணங்களைக் கண்டபின், வேலு எது செய்யினும் நம் மனம் அவனுக்கு வக்கீலாகிவிடுகிறது. உண்மை வரலாற்றில் நாம் காண்பதோ பழிக்குப் பழியன்று, பல்லாண்டு நடந்த வியாபாரம்.

எனினும் படம் ஓரிடத்தில் நேர்மை தவறவில்லை. நடுத்தெருவில் இன்ஸ்பெக்டர் கேல்கரை வேலு கொல்லும்போது, கண்டவர் ஒருவரும் சாட்சி சொல்ல வரவில்லை. கேல்கருக்கு ஒரு மனைவியும் சித்தம் கலங்கிய சிறுவனும் உண்டென்று பின்னரே அறிந்து, அக்குடும்பத்தை வேலுவே காப்பாற்றுகிறார். தாம் நல்லவரா, தீயவரா என்று பேரன் வினவும்போது, தெரியவில்லையென்கிறார். இறுதியில், சாட்சியின்மையால் விடுதலை பெற்று நீதிமன்றத்தினின்று வெளிவருபவரைச் சுடுகிறவன், அவர் சோறிட்டு வளர்த்த அப்பிள்ளையே.

வரதராஜ முதலியாருக்கு அத்தகைய முடிவு வாய்க்கவில்லை. எண்பதுகளில் போலீசாரின் நெருக்கடியால் தொழில் குலைந்து, சென்னைக்குத் திரும்பி, படம் வெளிவந்த சில மாதங்களுக்குள், 1988 ஜனவரியில் நோயினால் காலமானார்.

மறுநாட்காலை பாட்டியாருக்குப் படத்தின் முடிவைச் சொன்னோம். அவர் கீரை ஆய்வதை நிறுத்தாமலே, "அப்படியானால் அந்தப் பிள்ளைக்கு இனிச் சோறு போடுவது யார்?" என்று கேட்டார்.