தெருவில் விட்டால் பிழைத்துக்கொள்ளுமா?

நாயைக் கொண்டுவந்து விட்டுப் போகிறவர்கள் பெரும்பாலும் கெட்டவர்கள் இல்லை. கண் கலங்கத்தான் செய்கிறார்கள். சிலர் ஒரு பாக்கெட் பிஸ்கட்டைப் பிரித்துப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போகிறார்கள். மனதைத் தேற்றிக்கொள்ள அவர்களிடம் நாலைந்து நம்பிக்கைகளும் இருக்கின்றன. அப்படி விடப்பட்ட நாய்களைத் தேற்றி, வேறு வீடு பார்த்துக் கொடுக்கும் வேலையில் சென்னையில் சில வருடங்களாக நானும் ஓர் ஓரமாக நிற்கிறேன். நாயின் புண்ணைக்கூட ஆற்றிவிடலாம், இந்த நம்பிக்கைகளோடுதான் மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது.

“நாய்தானே, தெருவில் விட்டால் எப்படியும் பிழைத்துக்கொள்ளும்.”

தெரு நாய் தெருவில் பிழைக்கிறது என்பது உண்மை. ஆனால் அது பிழைப்பது தன் தெருவில். எந்த வீட்டில் எப்போது மீன் கழுவுவார்கள், எந்தக் கடைக்காரர் தண்ணீரை ஊற்றி விரட்டுவார், மழைக்கு எந்த வண்டிக்கு அடியில் ஒண்டலாம் என்பதெல்லாம் குட்டியிலிருந்தே அதற்குப் பாடம். எல்லைக்குள் புது நாய் வந்தால் கூட்டமாகச் சேர்ந்து விரட்டும். கருத்தடை செய்த தெரு நாயைப் பிடித்த இடத்திலேயே திரும்ப விடவேண்டும் என்று 2001-இலும் 2023-இலும் வந்த மத்திய அரசு விதிகள் சொல்வதில் இந்தக் கணக்கும் இருக்கிறது. (பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம் போன்ற வளாகங்களில் பிடித்ததை அங்கேயே விடக் கூடாது என்று 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அது தனிக் கதை.)

வீட்டு நாய்க்கு இந்தப் பாடம் எதுவும் தெரியாது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு லாப்ரடார் நான்கு நாள் ஒரே விளக்குக் கம்பத்தடியில் உட்கார்ந்திருந்தது. பெல்ட்டைக் கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். கழுத்தில் முடி தேய்ந்த தடம் மட்டும் வட்டமாக இருந்தது. வெள்ளைக் கார் எது வேகத்தைக் குறைத்தாலும் எழுந்து ஓடும், பின் கதவுப் பக்கம் நிற்கும், கார் போனதும் கம்பத்துக்கே திரும்பும். பிடிப்பதற்காகச் சுருக்குக் கயிறு, கோழிக்கறி எல்லாம் கொண்டுபோயிருந்தோம். ஒன்றும் தேவைப்படவில்லை. நண்பர் தன் காரின் பின் கதவைத் திறந்தார், அதுவாகவே ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டது.

பட்டினி கிடக்கும்படி பிராணியைக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். முதல் தடவைக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. தட்டச்சுப் பிழை இல்லை, ஐம்பது ரூபாய்தான். இரண்டு பேர் டீயும் வடையும் சாப்பிட்டால் அதைவிடக் கூட ஆகும்.

“காப்பகத்தில் சேர்த்துவிட்டேன், இனி கவலையில்லை.”

1959-இல் தொடங்கிய புளூ கிராஸிலிருந்து நேற்று முளைத்த வாட்ஸ்அப் குழு வரை யாரிடமும் இடத்துக்கு ஓர் அளவு உண்டு. அதைவிடப் பெரிய சிக்கல் பார்வோ. தடுப்பூசி போடாத குட்டியை நாய்கள் நிறைந்த இடத்தில் விட்டால் இந்த வைரஸ் பிடித்துக்கொள்ளலாம். ரத்தமும் பேதியுமாகக் கொட்டி, ஓரிரு நாளில் குட்டி போய்விடும். வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். ஃபினாயிலை நம்ப முடியாது, பிளீச்சிங் கரைசல்தான் கேட்கும். அதனால்தான் புதிதாக வரும் நாயை முதல் இரண்டு வாரம் யாராவது ஒருவர் வீட்டு மாடியிலோ காலி அறையிலோ தனியாக வைத்துப் பார்க்கச் சொல்லிக் கெஞ்சுகிறோம். ஃபாஸ்டர் என்று பெயர். இங்கே பஞ்சம் கூண்டுக்கு இல்லை, இப்படி ஓர் அறை தருகிறவர்களுக்குத்தான்.

“பாவம், பட்டினி. வயிறு நிறையப் போடுங்கள்.”

கேட்க நன்றாக இருக்கிறது, ஆளைக் கொல்லும். நாயையும்தான். பல நாள் பட்டினியில் உடம்பு தன் கொழுப்பையும் தசையையும் கரைத்து ஓடிக்கொண்டிருக்கும். திடீரென்று ஒரு தட்டுச் சோறு உள்ளே போனால் ரத்தத்திலிருக்கும் பாஸ்பரஸ், பொட்டாசியம் எல்லாம் சடசடவென்று இறங்கும், இதயம் தடுமாறும். எலும்பு தெரிகிற நாய்க்குக் கொஞ்சம் கொஞ்சமாக, ஒரு நாளைக்கு ஐந்தாறு தடவை, டாக்டரிடம் கேட்டுக்கொண்டு கொடுக்க வேண்டும். பிரியாணி மிச்சம் வேண்டவே வேண்டாம். அதிலிருக்கும் வெங்காயம் நாயின் சிவப்பணுக்களை உடைக்கும், வெந்த எலும்பு சில்லாகிக் குடலைக் கிழிக்கும்.

“சொறி நாய் தேறாது, நமக்கும் ஒட்டும்.”

சொறியில் முக்கியமாக இரண்டு வகை. டெமோடெக்ஸ் என்கிற பூச்சியால் வருவது மனிதருக்கு ஒட்டவே ஒட்டாது. சார்கோப்டிஸால் வருவது ஒட்டும், ஆனால் மனிதத் தோலில் அது நிலைக்காது. நாய்க்கு வைத்தியம் செய்தால் நம் அரிப்பும் போய்விடும். இரண்டுக்கும் மருந்து இருக்கிறது. யானைத்தோல் மாதிரி இருந்த நாய் இரண்டு மூன்று மாதத்தில் ரோமம் முளைத்து நிற்கும்போது அதன் நிறமே அன்றுதான் நமக்குத் தெரியும். கெடுப்பது கைவைத்தியம். மெக்கானிக் கடையிலிருந்து கழிவு ஆயிலை வாங்கிவந்து உடம்பெல்லாம் பூசிவிடுகிறார்கள். நாய் தன்னை நக்கித்தானே சுத்தம் செய்துகொள்ளும்? அவ்வளவும் வயிற்றுக்குள் போகும். பூசியவர் புண்ணியம் செய்த திருப்தியில் இருப்பார்.

“பெட்டை நாய் ஒரு தடவையாவது குட்டி போட வேண்டும்.”

வேண்டியதில்லை. குட்டி போடுவதால் உடம்புக்கு ஒரு நன்மையும் இல்லை. கருத்தடை செய்யாமல் விட்டால் வயதானபின் கர்ப்பப்பையில் சீழ் கட்டும் அபாயம்தான் உண்டு. இந்த நம்பிக்கையின் மறுபக்கத்தை ஒரு பக் நாயிடம் பார்த்தேன். ‘ஹட்ச் நாய்’ என்று ஊரே கேட்டு வாங்கிய ஜாதி. குட்டிக்காக வைத்திருந்தவர்கள், இனி ஈனாது என்றதும் ஒரு சந்தில் விட்டிருந்தார்கள். மடி தரையைத் தொட்டது. நகம் வளைந்து உள்ளங்காலுக்குள் ஏறியிருந்தது. பூங்காவில் புல்லில் இறக்கிவிட்டோம். நான்கு காலையும் மாற்றி மாற்றித் தூக்கியது, அடுப்பில் நிற்பதுபோல. ஐந்தாறு வயதிருக்கும், அதுவரை கூண்டுக் கம்பியையும் சிமெண்டையும் தவிர எதையும் மிதித்ததில்லை. புல் என்பது படுக்கக்கூடிய பொருள் என்று அது ஒப்புக்கொள்ள மூன்று வாரம் ஆனது.

“வளர்ந்த நாய் ஒட்டாது. அன்பு காட்டினால் சரியாகிவிடும்.”

இரண்டையும் ஒரே ஆள் ஒரே மூச்சில் சொல்லிக் கேட்டிருக்கிறேன். வளர்ந்த நாய் நன்றாகவே ஒட்டும். ஆனால் முதல் நாளே தலையைத் தடவிக் கொஞ்சுவதுதான் அன்பு என்றால் அது வேலைக்கு ஆகாது. அடி வாங்கிய நாய்க்கு மேலிருந்து இறங்கும் கை எல்லாம் அடிக்கிற கைதான். கட்டிலுக்கடியில் போய்ப் படுத்தால் விட்டுவிடுங்கள். தட்டை வைத்துவிட்டு முகத்தைப் பார்க்காமல் பக்கவாட்டில் உட்காருங்கள், செய்தித்தாள் படியுங்கள். மூன்று நாளில் பதற்றம் தணியும், மூன்று வாரத்தில் வீட்டு ஒழுங்கு பிடிபடும், மூன்று மாதத்தில்தான் சொந்த வீடு என்று தோன்றும் என்று மீட்பு வேலை செய்கிறவர்களிடம் ஒரு தோராயக் கணக்கு உண்டு. நடுவில் உறுமினால் திட்டாதீர்கள். அது எச்சரிக்கை. அதை அடக்கிவிட்டால் அடுத்த தடவை சொல்லாமல் கடிக்கும்.

இன்னொன்று. தேய்பிறை அஷ்டமியில் பைரவரைக் கும்பிட்டுக் கறுப்பு நாயைத் தேடிப்போய் ரொட்டி போடுகிற ஊர் இது. தத்து முகாமில் கடைசியில் மிஞ்சி நிற்பதும் கறுப்பு நாட்டு நாய்தான்.

“தத்தெடுத்த நாயைத் திருப்பித் தருவது அசிங்கம்.”

இந்த வெட்கத்தால்தான் பல நாய்கள் இரண்டாம் முறை தெருவுக்கு வருகின்றன. ஒத்துவரவில்லை என்றால் கொடுத்தவரிடமே திருப்பித் தாருங்கள் என்பது தத்துப் படிவத்தில் நாங்கள் எழுதிவைக்கும் வரி. போன வருடம் ஒரு குடும்பம் பதினோராம் நாள் ஒரு நாயைத் திருப்பிக் கொண்டுவந்தது. பாட்டிக்கு மூச்சுத்திணறல். வாசலில் நின்று அந்த அம்மா அழுதார்கள். நாயோடு அதன் போர்வையையும், மளிகைக் கணக்கு நோட்டிலிருந்து கிழித்த ஒரு தாளையும் கொடுத்தார்கள். அடுத்த வீடு அதற்கு அமைந்தது அந்தத் தாளைக் காட்டித்தான்: “மிக்ஸி சத்தத்துக்குப் பயப்படுவான். குடை விரித்தால் ஓடிவிடுவான். காலை ஆறு மணிக்கு வெளியே போயாக வேண்டும். தயிர் சாதம் என்றால் உயிர், உப்பு போடக் கூடாது.”