வீட்டை விற்க முற்படுவோர்க்கு

இராஜபாளையத்திலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ பூர்வீக வீட்டை விற்க உத்தேசித்தவர்கள், வெள்ளையடிப்பதற்கு முன்பாகவே, பட்டா தம் பெயருக்கு மாறியிருக்கிறதா என்றும், முப்பது வருஷ வில்லங்கச் சான்றிதழில், அடைத்துத் தீர்த்த அடமானம் ஏதேனும் ரத்தாகாமல் நிற்கிறதா என்றும் நிதானமாகப் பரிசோதித்துக்கொள்வது உசிதம். கோயில் நகரமாகிய ஸ்ரீவில்லிபுத்தூரில், மனை தேவஸ்தானத்துக்குச் சொந்தமானதன்று என்பதையும் ஊர்ஜிதம் செய்துகொள்ள வேண்டும்; அறநிலையத்துறையின் அனுமதியின்றிக் கோயில் நிலத்தை விற்பது 1959-ஆம் வருஷத்துச் சட்டப்படி செல்லாது.

வழிகாட்டி மதிப்பு பத்திரச் செலவைக் கணிப்பதற்கேயன்றிச் சந்தை விலையன்று. பக்கத்துத் தெருவில் சமீபத்தில் முடிந்த கிரயங்களை விசாரிப்பதே மார்க்கம். 2023 ஏப்ரல் முதல் முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமுமாகப் பொதுவாக 9 சதவீதம் வாங்குபவர் தலையில் விழுவதால், அவர் பேரம் பேசுவதும் நியாயமே. ஒழுகும் மொட்டைமாடியை மட்டும் வர்ணம் பூசி மறைக்க வேண்டாம். மலையடிவாரத்து ஐப்பசி மழை காட்டிக்கொடுத்துவிடும்.