லைக் பட்டன் ஆய்வுக்கு உதவுமா?

கேள்வி: விஞ்ஞானிகள் கூடி ஆய்வு செய்யும் இணையதளங்களில் ஃபேஸ்புக் போல லைக், ஃபாலோ வசதிகளைச் சேர்த்தால் பயன் உண்டா?

பதில்: பேச்சு எதைச் சுற்றி நடக்கிறது என்பதைப் பொறுத்தது. விண்மீன் மண்டலப் படங்களை வகைபிரிக்கும் வேலையை 2007-இல் கேலக்ஸி ஸூ தளம் பொதுமக்களிடம் கொடுத்தது. நெதர்லாந்துப் பள்ளி ஆசிரியை ஹான்னி வான் ஆர்கெல் ஒரு படத்தில் நீலத் திட்டு ஒன்றைப் பார்த்துவிட்டு, அது என்ன என்று கேட்டார். வகைபிரிக்கும் பட்டன்களில் அதற்கு இடமே கிடையாது. கேட்பதற்கு ஓர் இடம் இருந்ததால்தான் விஷயம் வானியலாளர்களை எட்டியது. பக்கத்து விண்மீன் மண்டலத்தின் மையம் முன்பு உமிழ்ந்த கதிர்வீச்சால் ஒளிரும் பிரம்மாண்ட வாயுத்திரள் அது. ஃபோல்டிட் விளையாட்டிலும் ஆட்டக்காரர்கள் புரத மடிப்பு உத்திகளைப் பகிர்ந்து, ஒருவர் செய்ததை இன்னொருவர் திருத்தித்தான், 2011-இல் குரங்குகளைத் தாக்கும் ஒரு ரெட்ரோவைரஸ் நொதியின் வடிவத்துக்கு வழிகாட்டினார்கள்.

பாராட்டு இல்லாவிட்டால் யார் வருவார்கள் என்று கேட்கலாம். நியாயம்தான். ஆனால் அந்த வாயுத்திரளுக்கு ஹான்னியின் பெயரே வைக்கப்பட்டது. ஃபோல்டிட் அணிகள் ஆய்வுக்கட்டுரையின் ஆசிரியர் வரிசையில் இடம்பெற்றன. இது செய்த வேலைக்குக் கிடைத்த பேர். ஆய்வாளர்களுக்கான சமூக வலைத்தளமான ரிசர்ச்கேட்டோ ஆளுக்கு மதிப்பெண் போட்டது. கணக்கு வெளிப்படையாக இல்லை என்ற விமர்சனம் ஓயவே இல்லை. 2022-இல் அந்த மதிப்பெண்ணையே தளம் கைவிட்டது. ஆகவே ஃபாலோவர் எண்ணிக்கை வேண்டாம். ஒவ்வொரு படத்துக்கும் தரவுக்கும் அடியில் கேள்வி கேட்க ஒரு பெட்டி வைத்தால் போதும்.