அறுப்பிலிருந்து அடுப்பு வரை

"ஹலால்தானே?" என்று கடையில் கேட்கிறோம். "முஸ்லிம் அறுத்தது" என்ற பதில் வந்ததும் நம் விசாரணை முடிந்துவிடுகிறது. ஆனால் அறுப்பு ஒரு படி மட்டுமே. அதற்கு முன்னும் பின்னும் பல கைகள் மாறித்தான் இறைச்சி நம் அடுப்புக்கு வருகிறது. அப்படிகளைச் சுருக்கமாகப் பார்ப்போம்.

முதலாவது: அறுக்கும்போது பிராணிக்கு உயிர் இருக்க வேண்டும். கூண்டுகளில் நெருக்கி அடைத்து லாரியில் கொண்டுவரும்போது, வெயில் தாங்காமல் சில கோழிகள் வழியிலேயே செத்துவிடுவதுண்டு. தானாகச் செத்ததைத்தான் திருமறையின் 5:3 வசனம், ஹராமானவற்றுள் முதலாவதாகச் சொல்கிறது. செத்த கோழியின் கழுத்தில் கத்தி வைத்துவிடுவதால் அது ஹலாலாகிவிடாது. அறுத்தவற்றோடு அது கலந்து, பிரித்தறிய முடியாமற் போனால், அவற்றைத் தவிர்ப்பதே பேணுதல்.

இரண்டாவது: அறுக்கும் முறை. ஷாஃபிஈ மத்ஹபில் மூச்சுக்குழாயும் இரைக்குழாயும் முழுமையாக அறுபடுவது கட்டாயம். கழுத்தின் இரு இரத்தக் குழாய்களையும் சேர்த்து அறுப்பது சுன்னத்து. ஹனஃபீ மத்ஹபில் இந்நான்கில் மூன்றேனும் அறுபட வேண்டும். பிஸ்மி சொல்வது ஷாஃபிஈயில் சுன்னத்து. ஹனஃபீயிலோ, வேண்டுமென்றே விட்டால் அப்பிராணி ஹராம். மறதியாக விட்டால் ஹலால். அவசரத்தில், துடிப்பு அடங்குமுன் கோழியை வெந்நீரில் போடுவது கொடுமை. அறுப்பும் குறைபட்டிருந்தாலோ, அது வெந்நீரில் செத்ததாகவே ஆகிவிடும்.

மூன்றாவது: அறுத்த பிறகு. ஒரே கத்தி, ஒரே கட்டையில் ஹராமான இறைச்சியும் வெட்டப்பட்டால் ஹலாலானதும் நஜீஸாகிவிடும். பன்றி இறைச்சி ஈரத்தோடு பட்ட பாத்திரத்தை ஏழுமுறை, அதில் ஒருமுறை மண் கலந்த நீரால், கழுவ வேண்டும் என்பது ஷாஃபிஈ சட்டம். ஷாஃபிஈ மத்ஹபைப் பின்பற்றும் மலேசியா, 2010-இல் வாகனம், கிடங்கு, விற்பனைக் கடை ஆகிய மூன்றுக்கும் தனித்தனி ஹலால் விதிகளை வகுத்தது.

"அப்படியானால் ஒவ்வொரு கவளத்தையும் துருவ வேண்டுமா?" என்று கேட்கலாம். வேண்டியதில்லை. புதிதாக இஸ்லாத்தில் சேர்ந்தவர்கள் இறைச்சி கொண்டுவருகிறார்கள், பிஸ்மி சொன்னார்களா என்று தெரியவில்லையே என்று சிலர் கேட்டபோது, நீங்கள் பிஸ்மி சொல்லி உண்ணுங்கள் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் பதிலளித்ததாக அன்னை ஆயிஷா (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் புகாரியில் உள்ளது. ஆதாரமின்றி ஒரு முஸ்லிமைச் சந்தேகிப்பது பேணுதலல்ல, அது வஸ்வாஸ். ஆனால் அந்தச் சலுகை தெரியாததற்குத்தான். கண்ணால் கண்ட தவற்றை, விலை மலிவுக்காகக் காணாததுபோல் இருந்துவிட்டு, இந்த ஹதீஸின் பின்னால் ஒளிந்துகொள்ள முடியாது.

எனவே, அறுப்பதை நேரில் பார்க்கக்கூடிய கடையைத் தேர்ந்தெடுங்கள். கடைக்கு அனுப்பும் பிள்ளைக்கு எதைக் கவனிக்க வேண்டுமென்று சொல்லிக்கொடுங்கள். முத்திரை இருந்தால், அதைக் கொடுத்தவர் யார், அவர் நேரில் சோதிப்பவரா என்று விசாரியுங்கள். மஹல்லா ஜமாஅத்தார் அறுப்பவர்களுக்குச் சட்டம் கற்பித்து, அவ்வப்போது சென்று கவனிப்பது ஊருக்கே செய்யும் உதவி.

புழுதி படிந்த பயணி கையேந்தி இறைஞ்சியும், உண்பது ஹராமாக இருந்தால் அவன் துஆ எப்படி ஏற்கப்படும் என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்தார்கள். வல்ல அல்லாஹ் நம் இல்லங்களுக்கு ஹலாலான உணவையும், ஏற்கப்படும் துஆவையும் தந்தருள்வானாக! ஆமீன்.